மலைவீட்டில் தரை உப்பினால்

கொடைக்கானலில் ஐப்பசி மழை பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆனால் போதும், என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்வியாக இருக்கும். “சீசனுக்கு முன்னாடிதான் வுட்டன் ஃப்ளோரிங் போட்டோம். இப்ப ஹாலுக்கு நடுவுல உப்பிக்கிட்டு நிக்குது. கால் வச்சா அமுங்குது, எடுத்தா எழும்புது. என்ன பண்றது?” நாயுடுபுரத்திலிருந்து கேட்பார்கள், ஆனந்தகிரியிலிருந்து கேட்பார்கள், வில்பட்டி, அட்டுவம்பட்டிப் பக்கம் புதிதாக எழும்பிய காட்டேஜ்களிலிருந்து கேட்பார்கள். சென்னையிலும் மதுரையிலும் இருந்துகொண்டு வருஷத்தில் நான்கைந்து தடவை வந்துபோகும் வீட்டுக்காரர்கள், கேர்டேக்கர் அனுப்பிய போட்டோவைக் காட்டிக் கேட்பார்கள்.

எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான். உப்பிய இடத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். அது எதனால் உப்பியது என்று தெரியாமல் செய்யும் எந்த ரிப்பேரும் அடுத்த மழை வரைதான் தாங்கும். மேலே தெரியும் உப்பலுக்குக் காரணம் பெரும்பாலும் சுவரோரத்திலோ, தரைக்கு அடியிலோ, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டிலோ இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

வுட்டன் ஃப்ளோரிங் என்ற பெயரில் போடும் இந்த லேமினேட் பலகையின் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். மேலே தேக்கு ரேகையாகத் தெரிவது அச்சிட்ட தாள். அதற்கு மேலே தேய்மானம் தாங்கும் மெலமைன் பூச்சு. அடியில் பலகை வளையாமல் இருக்க இன்னொரு தாள். நடுவில் இருப்பது எச்டிஎஃப், அதாவது மர நாரைப் பிசினோடு சேர்த்து நெருக்கி அழுத்திய அட்டை. கடையில் 8 மி.மீ., 12 மி.மீ. என்று கனம் சொல்வது பெரும்பாலும் இந்த அட்டையைத்தான். 1970களின் கடைசியில் ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் இதை உருவாக்கி, பெர்கோ என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்றது. குளிர்காலம் முழுக்கச் சூடேற்றி, உள்ளே காற்றை உலர்வாக வைத்திருக்கும் வீடுகளுக்காகப் பிறந்த தரை இது. நம் மலையில் அந்தக் குளிர் இருக்கிறது, அந்த உலர்வு இல்லை. கொடைக்கானலில் இந்தத் தரை படும் பாடெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது.

எச்டிஎஃப் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு மீட்டருக்குச் சுமார் 1 மி.மீ. அசையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் இரவில் உறைபனி விழுந்து பகலில் வெயில் காயும்போது பலகை ஒடுங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வரும்போது முழு அளவுக்கு விரியும். இதற்காகத்தான் இந்தத் தரையை ஒட்டுவதில்லை, ஆணி அடிப்பதில்லை. பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஃபோம் மேல் மிதந்து நிற்கும். சுற்றிலும் இடம் இருந்தால் பக்கவாட்டில் விரிந்துகொள்ளும். இடம் இல்லாவிட்டால் மேலே எழும்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதிகம் விரியவும் வேண்டாம். ஒரு மீட்டர் அகலத்தில் 1 மி.மீ. மிஞ்சினாலே, இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்த நிலையில் நடுப்பகுதி 2 செ.மீ.க்கு மேல் கூடாரம்போல் எழுந்துவிடும். இவ்வளவு பெரிய உப்பலுக்கு எவ்வளவோ தண்ணீர் போயிருக்க வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் வீட்டுத் தரைக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தால் பாதி தெரிந்துவிடும். நாலைந்து பலகை சேர்ந்து ஒரு பரப்பாக எழும்பி, மிதித்தால் அமுங்கி, எடுத்தால் திரும்பவும் எழும்புகிறதா? இணைப்புகளெல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா? அப்படியானால் விரிய இடமில்லாத கோளாறு. இருப்பதிலேயே நல்ல கோளாறு இதுதான், பலகை கெடவில்லை. இரண்டு பலகை சேரும் கோட்டில் மட்டும் வரப்பாகத் தடித்து, உள்ளங்கையால் தடவினால் கெட்டியாக நெருடுகிறதா? அது தண்ணீர் உள்ளே இறங்கி எச்டிஎஃப் ஊதியது. பலகையின் நடுவில் பொத்தான் அளவுக்கு மேல்தாள் மட்டும் எழும்பி, நகத்தால் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வருகிறதா? அது சூட்டாலோ ஈரத்தாலோ தாள் பிரிந்தது. மழையோ வெயிலோ, வருஷம் முழுக்க ஒரே இடத்தில் டக் டக்கென்று அமுங்கினால், அடியில் சிமென்ட் தளம் மேடுபள்ளமாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை. தளம் 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கக்கூடாது. பலகையை எடுத்துத் தளத்தைச் சமன் செய்வதுதான் அதற்கு வழி.

இன்னொன்றையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். கடைகளில் சுருளாக வெட்டிக் கொடுக்கும் பிவிசி விரிப்பையும் பலர் வுட்டன் ஃப்ளோரிங் என்றே சொல்கிறார்கள். அதில் வரும் குமிழ் வேறு ஜாதி. மெல்லிய ஊசியால் ஓரத்தில் குத்திப் பாருங்கள். வெறும் காற்று வந்தால், முடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடு காட்டி, துணி சுற்றிய கட்டையால் நடுவிலிருந்து குத்திய பக்கமாக நீவிவிட்டு, சிரிஞ்சால் பசை ஏற்றிப் பாரம் வைக்கலாம். தண்ணீர் கசிந்தால் விரிப்பைத் தூக்கித் தளத்தைக் காயவிட வேண்டும்.

முதல் வகைக் கோளாறுக்கு வருவோம். கனமான சாமான்களை நகர்த்திவிட்டு, உப்பலுக்கு நேர் எதிரே இரண்டு பக்கச் சுவரிலும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றுங்கள். பட்டை உடையாமல் வர, சுவருக்கும் பட்டைக்கும் நடுவே பட்டி போடும் தகட்டை விட்டு மெதுவாக நெம்ப வேண்டும். கழன்றதும் டார்ச் அடித்துப் பாருங்கள். பலகையின் விளிம்பு சுவர்ப்பூச்சில் முட்டி நிற்கும். விளிம்பில் வெள்ளைச் சிமென்ட் பொடி அப்பியிருக்கும். சில வீடுகளில் பலகை பூச்சையே பெயர்த்துக்கொண்டு உள்ளே குத்தி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முட்டுகிற இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஓரம் வெட்டும் மல்டி டூல் இயந்திரத்தாலோ, பொறுமை இருந்தால் கூரான உளியாலோ 10 முதல் 12 மி.மீ. வரை வெட்டி எடுங்கள். அடியில் இருக்கும் பாலித்தீன் தாளைக் கிழித்துவிடாமல் வெட்டுவது முக்கியம். தூளை வேக்யூம் கொண்டு உறிஞ்ச வேண்டும். அந்தத் தூள் இடைவெளியில் தங்கினால் ஈரத்தில் ஊறிக் கெட்டிப்பட்டு, மறுபடியும் இடமில்லாமல் செய்துவிடும்.

சுவரோரம் சரியாக இருந்தும் தரை எழும்பியிருந்தால் கதவு நிலையைப் பாருங்கள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நிலைக்கால் ஓரத்தில் பலகையை இம்மி இடைவெளி இல்லாமல் பொருத்தியிருப்பார்கள். நிலைக்காலின் அடியைப் பலகைக் கனத்துக்கு அறுத்துவிட்டு, பலகையை அதற்குள் நுழைய விடுவதே முறை. இந்த ஊருக்கே உரிய இன்னொரு இடம் கணப்படுப்பு. அடுப்புக்கு முன்னால் பதித்த கல்லோடு பலகையை ஒட்டவைத்து, சந்தில் சிமெண்டையோ எம்சீலையோ அடைத்துவிடுகிறார்கள். கல் அசையாது, பலகை அசைந்தே தீரும். அந்தச் சந்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கல்லோரத்துக்கென்று விற்கும் அலுமினியப் பட்டையைப் போடுங்கள். குழாய் தரையைத் துளைத்து வரும் இடம், பலகை மேலேயே நிறுத்திய பெரிய அலமாரி, கிச்சன் கேபினட் இவையும் தரையைப் பிடித்துவைக்கும். ஹாலின் இரண்டு முனையிலும் இரண்டு மர பீரோவை நிறுத்திவிட்டால் நடுப்பகுதிக்கு எங்கும் போக வழியில்லை.

இடைவெளி வெட்டியதும் சில தரைகள் அன்றைக்கே இறங்கிவிடும், சிலதுக்கு ஒரு வாரம் பிடிக்கும். அவசரப்பட்டு மேலே சிமென்ட் மூட்டை ஏற்றாதீர்கள், பலகைகளின் பூட்டு உடைந்துவிடும். அதைவிடக் கெடுதல் ஆணி. “ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறக்கிட்டேன், இனிமே வராது” என்று சொல்லும் ஆசாரி நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் ஓர் இடத்தில் தைத்த தரை அடுத்த மழையில் வேறு இரண்டு இடத்தில் எழும்பும். ஸ்க்ரூ அடியிலுள்ள பாலித்தீனையும் துளைத்திருக்கும், அதன் வழியே தளத்தின் ஈரம் நேராகப் பலகைக்குள் ஏறும். திரும்பப் போடும்போது ஸ்கர்ட்டிங்கை எப்போதும் சுவரில் அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக்கூடாது.

இரண்டாவது வகை, இணைப்பு ஊதிய பலகை, திரும்பாது. ஊதிய எச்டிஎஃப் காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. தேய்த்துச் சமன் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேய்த்தால் மேலே இருக்கும் தாள் போய்விடும். மாற்றத்தான் வேண்டும். ஊதிய பலகை சுவருக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தச் சுவரிலிருந்து வரிசையாகக் கழற்றி, ஒவ்வொன்றின் மேலும் காகித டேப் ஒட்டி எண் போட்டு அடுக்கிவிட்டு, கெட்டதை மட்டும் மாற்றித் திரும்பப் பூட்டலாம். ஹாலின் நடுவில் இருந்தால் வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்குச் சரியாக வைத்து, விளிம்பிலிருந்து 3, 4 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு கட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, மிச்ச ஓரங்களைப் பூட்டு கெடாமல் கழற்ற வேண்டும். புதுப் பலகையின் காடியில் அடி உதட்டைச் செதுக்கினால்தான் மேலிருந்து உட்காரும். தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி, வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கப் பாரம் வைக்கவும். கைப்பழக்கம் கேட்கும் வேலை இது. நல்ல ஆசாரியிடம் விடுவதே மேல்.

ஆனால் புதுப் பலகையைப் போடுவதற்கு முன்னால் திறந்திருக்கும் அந்தக் குழிக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஃபோமின் மேல்பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் மேலிருந்து வந்தது. துடைத்த வாளி, குளியலறைக் கதவு, ஜன்னல் சாரல், செடித்தொட்டி இவற்றில் ஒன்று. பாலித்தீனுக்கு அடியில் தளம் கறுத்து, ஈர மண் வாடை அடித்தால் தண்ணீர் கீழிருந்து வருகிறது. இப்படித் திறந்து பார்க்க அமையும் சந்தர்ப்பம் இந்த ஒன்றுதான். மூடிவிட்ட பிறகு ஊகம்தான் செய்ய முடியும்.

மேல்தாள் குமிழுக்கு, அது ஐந்து ரூபாய்க் காசை விடச் சிறியதாக இருந்தால் வைத்தியம் உண்டு. புதுப் பிளேடால் மர ரேகை ஓடும் திசையிலேயே சின்னதாகக் கீறி, மருந்துக்கடை சிரிஞ்சால் மரப்பசையைக் கொஞ்சம் நீர்க்கச் செய்து உள்ளே ஏற்றி, விரலால் நீவி, மெழுகுத்தாள் வைத்து அதன் மேல் தட்டையான பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். இஸ்திரிப் பெட்டி வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். குமிழே பெரும்பாலும் சூட்டில் வந்தது. கம்பி சிவக்கும் ஹீட்டரைத் தரைக்கு நெருக்கமாக வைத்தாலும், சுடுபாத்திரத்தை இறக்கினாலும், கரிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் தாள் பிரியும். கரிச் சட்டியைப் பற்றித் தரைக்கு அப்பாற்பட்ட ஒரு வார்த்தை: மூடிய அறைக்குள் அதை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொடைக்கானலில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர்கள் இதை அறையில் எழுதியே ஒட்டிவையுங்கள்.

இப்போது தண்ணீர் வரும் வழி. சமவெளியில் வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் மண் ஒரே மட்டம். இங்கே மேட்டை வெட்டித்தான் மனை எடுக்கிறோம். வீட்டின் முன்பக்கம் பள்ளத்தைப் பார்க்கும், பின்பக்கச் சுவர் வெட்டிய மண்ணை ஒட்டி நிற்கும். மழை பெய்தால் மேட்டில் ஊறிய தண்ணீர் சரிவைத் தேடி வருகிறது. அது முதலில் முட்டுவது உங்கள் பின்சுவரின் அடி. அங்கிருந்து ஓதம் தளத்துக்கும் பரவும். உப்பிய தரைகளில் பல மேட்டுப்பக்க அறைகளில் இருப்பது தற்செயல் இல்லை. பள்ளத்துப் பக்கம் இருக்கும் ஹால் நன்றாக இருக்க, பின்னால் இருக்கும் படுக்கையறை மட்டும் ஊதியிருந்தால் பலகைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் வேண்டும், அதன் அடிமட்டம் வீட்டுக்குள் இருக்கும் தரைமட்டத்தை விடத் தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் நிற்காமல் பக்கவாட்டில் ஓடிப் போக வேண்டும். வாய்க்கால் இருக்கும் வீடுகளிலும் அது யூகலிப்டஸ் இலையும் பைன் ஊசியும் அடைத்துக் கிடக்கும். புரட்டாசி முடிவதற்குள் அதை அள்ளிப் போடச் சொல்லுங்கள்.

பூச்செடிப் பாத்தியும் ஒரு காரணம். ஹைட்ரேஞ்சியா இந்த ஊரில் வைத்த இடத்திலெல்லாம் பூக்கும், அதனால் சுவரை ஒட்டி மண்ணை அணைத்து வைத்துவிடுகிறோம். அந்த மண் தரைமட்டத்துக்கு மேலே ஏறிவிட்டால், அடித்தளத்தில் போட்ட ஓதத் தடுப்புப் பூச்சுக்கு வேலையே இல்லாமல் போகும். சுவரோரம் மண் எப்போதும் உள்தரையை விட அரையடியாவது கீழே இருக்கட்டும். பாத்தியைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள், பூ அங்கேயும் பூக்கும்.

தளமே காயாமல் இருப்பது அடுத்த காரணம், அதற்குப் பின்னால் சீசன் அவசரம் இருக்கிறது. ஏப்ரல், மே கூட்டத்துக்குள் அறைகளைத் திறந்துவிட வேண்டும் என்று பிப்ரவரியில் தளம் போட்டு, மார்ச்சில் பலகை விரிக்கிறார்கள். சிமென்ட் தளம் முதல் 4 செ.மீ. வரை ஒரு செ.மீ.க்கு ஒரு வாரம், அதற்கு மேல் ஒவ்வொரு செ.மீ.க்கும் இரண்டு வாரம் காய வேண்டும் என்பது தொழிலில் நெடுநாள் கணக்கு. அதுவும் 20 டிகிரி வெப்பத்தில், காற்றோட்டமான இடத்தில். இரவு 10 டிகிரிக்கு இறங்கி, மதியத்துக்கு மேல் மூட்டம் மூடும் ஊரில் அந்தக் கணக்கை இரட்டிப்பாக வைத்துக்கொண்டாலும் தவறில்லை. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஈரம் நடுவில் இருக்கும். மேலே பாலித்தீனும் பலகையும் மூடியதும் அது வெளியேற வழியில்லாமல் ஓரங்களைத் தேடிப் போகும்.

கருவி எதுவும் வாங்காமல் இதைச் சோதிக்கலாம். கனமான பாலித்தீன் தாளில் ஒன்றரை அடிச் சதுரம் வெட்டி, தளத்தின் மேல் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். 16 மணி நேரம் போதும் என்பது அமெரிக்க ஏஎஸ்டிஎம் முறை. இந்தக் குளிரில் நான் இரண்டு நாள் விடச் சொல்வேன். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ தளம் தயாராகவில்லை. மேல்பக்கம் இருக்கும் நீரைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது அறைக்காற்று குளிர்ந்து படிந்தது. அறையின் நடுவில் ஒன்று, மேட்டுப்பக்கச் சுவரோரம் ஒன்று, குளியலறைச் சுவரோரம் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டுங்கள். முடிந்தால் இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள். மாசி மாதத்தில் நல்ல பதில் சொல்லும் பின்னறைத் தளம், கார்த்திகையில் வேறு பதில் சொல்லும்.

பழைய பங்களா வாங்கியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அதற்குப் பின் வந்த மலைப் பங்களாக்கள் பலவற்றில் தரை மண்ணைத் தொடாது. கல் கட்டுமானத்தின் மேல் உத்தரம் போட்டு, அதன் மேல் பலகை அடித்து, அடியில் காற்று ஓட வெளிச்சுவரில் சின்னச் சின்னத் துவாரங்கள் விட்டிருப்பார்கள். எலி வருகிறது, குளிர் ஏறுகிறது என்று பிறகு வந்தவர்கள் அந்தத் துவாரங்களைச் சிமென்ட் வைத்துப் பூசியிருப்பார்கள். முதல் வேலையாக அவற்றைத் திறந்து, துருப்பிடிக்காத கம்பி வலை அடியுங்கள். அந்த மரத்தரை மேல் பாலித்தீன் விரித்து லேமினேட் போடவே போடாதீர்கள். அடியிலிருந்து வரும் ஈரம் பாலித்தீனில் தங்கி, நூறு வருஷம் நின்ற பலகையைச் சில வருஷத்தில் உளுக்க வைத்துவிடும். இழைத்து, மெழுகோ எண்ணெயோ ஏற்றினால் அந்தத் தரை எந்த லேமினேட்டையும் விட அழகாக இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சமும் இரண்டாம் யோசனை கிடையாது.

புதிதாகப் போடுபவர்கள் சில விஷயங்களை ஆரம்பத்திலேயே பிடிவாதமாகக் கேட்டு வாங்க வேண்டும். வத்தலக்குண்டில் கொதிக்கும் வெயிலில் ஏற்றிய பெட்டி காமக்காபட்டி, ஊத்து, பெருமாள்மலை என்று ஏறி மூன்று மணி நேரத்தில் மூட்டத்துக்குள் வந்து இறங்குகிறது. இறக்கிய அன்றே பிரித்து விரித்தால், கீழ்நாட்டு வறட்சியில் ஒடுங்கிய பலகையை விரிக்கிறீர்கள். போடப்போகும் அறையிலேயே, பெட்டியைப் பிரிக்காமல், படுக்கை வசமாக 48 மணி நேரமாவது வைத்திருக்கச் சொல்லிப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். இங்கே நான்கைந்து நாள் வைப்பது நல்லது. தளத்தின் மேல் 200 மைக்ரான் பாலித்தீன் விரித்து, ஒரு தாள் மேல் அடுத்தது 20 செ.மீ. ஏறும்படி வைத்து டேப் ஒட்டி, சுவரோரம் இரண்டு அங்குலம் மேலே மடித்துவிட வேண்டும். அதன் மேல்தான் ஃபோம். ஃபோம் 2 அல்லது 3 மி.மீ. போதும். மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு அடுக்கு போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பூட்டு வளைந்து வாய் திறக்கும், தண்ணீர் அந்த வாய் வழியாகத்தான் இறங்கும்.

சுற்றிலும் இடைவெளி 8 முதல் 10 மி.மீ. என்று கடைக்காரர் சொல்வார். தை, மாசியில் போடுகிறீர்கள் என்றால் 12 மி.மீ. விடுங்கள், அதை மறைக்கும் கனத்தில் ஸ்கர்ட்டிங் வாங்குங்கள். வேலை நடக்கும்போது சுவரோரம் வைத்த ஆப்புகளை முடிந்ததும் எடுத்துவிட்டார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மறந்துபோன ஒரு மர ஆப்பு போதும். நீளமோ அகலமோ 8 மீட்டரைத் தாண்டினால் நடுவில் தரையைப் பிரித்து விரிய இடம் விடும் டி பட்டை வேண்டும். அறைக்கு அறை கதவடியிலும் வேண்டும். பட்டை இல்லாமல் ஹாலிலிருந்து படுக்கையறை வரை ஒரே தரையாக ஓடினால் போட்டோவில் நன்றாக இருக்கும். மலையில் அது வேண்டாம்.

எந்த அறையில் போடலாம் என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மாடி அறைகளில் தாராளமாகப் போடுங்கள். தரைத்தளத்தில் பள்ளத்துப் பக்கம், தளச் சோதனை நல்ல பதில் சொன்னால் போடலாம். மேட்டை ஒட்டிய தரைத்தள அறையில் வேண்டாம், டைல்ஸ் பதித்துக் கம்பளம் விரியுங்கள். எஸ்பிசி பலகை இப்போது நிறைய வருகிறது. அதன் உடம்பு கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, தண்ணீரில் ஊதாது. ஆனால் தளத்தின் ஓதம் அதற்கு அடியில் அப்படியேதான் இருக்கும், சுவரேறிப் பூசணம் பிடிக்கும். மலையைப் பார்க்க வைத்த பெரிய கண்ணாடி ஜன்னலடியில் வெயில் விழுந்தால் எஸ்பிசியும் சூட்டில் விரியும், அதற்கும் ஓர இடைவெளி வேண்டும்.

போட்ட தரையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் காற்றை ஆளும் வேலை. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். சாயங்காலம் சமையல், வெந்நீர்க் குளியல், உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்ட ஸ்வெட்டர் என்று ஏறிய ஆவி, நடுராத்திரி குளிர்ந்ததும் ஜன்னல் கண்ணாடியிலும் தரையோரத்திலும் தண்ணீராகப் படியும். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் வையுங்கள். பூட்டியே கிடக்கும் வீடாக இருந்தால், வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து, மூட்டம் இறங்குவதற்கு முன் சாத்திவிடும்படி கேர்டேக்கரிடம் சொல்லிவையுங்கள். “காத்து வரட்டும்னு நாள் முழுக்கத் திறந்துதான் வச்சேன் சார்” என்பார். மூட்டத்தைத் திறந்து உள்ளே விடுவதைவிட அடைத்துக் கிடப்பதே மேல். சுவரில் மாட்டும் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், 70 சதவீதத்துக்கு மேல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் பாதையில் சாய்ந்து கிடந்தன, கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால், வெளியூரிலிருக்கும் உங்களால் உடனே வந்து சேர முடியாது. அதனால் கேர்டேக்கருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது இது: தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்ததும் நிறுத்திவிடாமல், ஓரத்தில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, ஈரம் கண்ட வரிசைகளைப் பிரித்து நிமிர்த்தி வைக்க வேண்டும். முதல் நாளிலேயே பிரித்தால் பல பலகைகள் பிழைக்கும். மூடிய நிலையில் ஒரு வாரம் கிடந்தால் அந்த அறை முழுக்கவும் போய்விடும்.

துடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவக்கூடாது, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். நீராவியில் துடைக்கும் இயந்திரம் கூடவே கூடாது. விருந்தாளிகள் மாறும் ஹோம்ஸ்டேயில் துடைப்பவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்லுங்கள். வாசலில் நனைந்த ஷூவையும் ரெயின்கோட்டையும் கழற்றி வைக்க டைல்ஸ் போட்ட ஓர் இடம் இருக்கட்டும். குளியலறை வாசற்படியை அரை அங்குலமாவது உயர்த்துங்கள்.

மழைக்காலத்தின் நடுவிலேயே தரை எழும்பியிருந்தால், சுவரோர இடைவெளியை இப்போதே வெட்டிவிடலாம், அதற்குக் காத்திருக்க வேண்டாம். ஸ்கர்ட்டிங்கை மாட்டாமல் விட்டுவையுங்கள், ஓரம் மூச்சு விடட்டும். பலகை மாற்றும் வேலையைத் தைக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள் வாய்க்காலையும் செடிப்பாத்தியையும் சரிசெய்துவிட்டு, திறந்த இடத்தில் தாள் ஒட்டித் தளத்தைச் சோதித்துக்கொள்ளலாம். புதிதாகப் போடுபவர்கள், அளவுக்கு மேல் நூற்றுக்குப் பத்துப் பங்கு பலகை கூடுதலாக வாங்குங்கள். ஒரே பெயரில் வந்தாலும் அடுத்த லாட்டில் நிறமும் பூட்டும் மாறிவிடும், சில டிசைன் இரண்டு வருஷத்தில் கடையிலிருந்தே போய்விடும். மிச்சமான பெட்டியைத் தகரக் கூரைக்கு அடியில் பரணில் போடாமல், உள்ளறைக் கட்டிலடியில் தட்டையாக வைத்து, மேலே வாங்கிய தேதியையும் அறையின் பெயரையும் எழுதிவிடுங்கள்.